வேன் கூரைக்கு ஒரு ஃபினிஷிங்

என் வீட்டுக்காரர் இன்பராஜுக்கு மங்கலாக இருக்கும் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், ஃபினிஷிங் டிபார்ட்மெண்டில், தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். தைத்து ஒட்டி முடித்த ஷூ பெட்டிக்குள் போவதற்கு முன்னால் அதற்குக் கிரீம் பூசி, பிரஷ் போட்டு, பளபளவென்று ஆக்கி அனுப்புகிற இடம் அது. ரிட்டயர் ஆகி வந்த பிறகும் கை நிற்கவில்லை. எங்கள் வீட்டில் குக்கர் கைப்பிடி மின்னும். என் ஹெல்மெட் மின்னும். வேதாகமத்தின் கறுப்பு அட்டை மின்னுகிற அழகைப் பார்த்தால், உள்ளே ஒரு வரி படிக்காதவளும் பெரிய விசுவாசி போலத் தெரிவாள்.

போன வருஷம் எங்கள் சபை மூப்பர் ஒருவர் தவறிப் போனார். கோட்டு, டை, ஷூ எல்லாம் போட்டுப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். கும்பிடப் போன இன்பராஜ் கால்மாட்டில் குனிந்தவர் நிமிரவே இல்லை. எவ்வளவு பாசம் பார் என்று சனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு செத்தவருடைய ஷூவின் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க பண்றீங்க?" என்று காதோரம் கேட்டேன்.

"மூக்குல தூசி, பிரிசி. இதோட எப்டி அனுப்பறது?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் அதே கம்பெனியில் க்யூ.சி. டேபிளில் இருந்தவள்தான். அவர் தேய்த்து அனுப்புவதைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை சொல்லித் திருப்பி அனுப்புவது என் வேலை. அதற்கு அங்கே சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் அதையே இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

வேன் கதைக்கு வருவதற்கு முன்னால் என் சர்க்கரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மாத்திரையில் தொடங்கி இன்சுலின் ஊசிக்கு வந்து பல வருஷமாகிறது. அந்த மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பாலாற்றில் தண்ணீரைப் பார்த்தவர்களைவிடப் பேயைப் பார்த்தவர்கள் இங்கே அதிகம். ஒருமுறை திருச்சியில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போனோம். லாட்ஜ் அறையில் இருந்த ஃப்ரிட்ஜை நம்பி மருந்தை வைத்தேன். அது மருந்தைக் கல்லாக உறைய வைத்துவிட்டது. உறைந்த இன்சுலின் பச்சைத் தண்ணீருக்குச் சமம் என்று அப்போது எனக்குத் தெரியாது. உருகட்டும் என்று காத்திருந்து, அதையே போட்டுக்கொண்டேன். மறுநாள் பந்தியில் உட்கார்ந்தவள் அப்படியே இலைமேல் சாய்ந்தேன். முகம் நேராகக் கேசரியில் போய் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் நான் கண் விழிப்பதற்குள் சொந்தக்காரர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். பிரிசில்லா கேசரிக்கு ஆசைப்பட்டு விழுந்தாள் என்பது தீர்ப்பு. என் அண்ணன் ஜோசுவா கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு தண்டனையை வாசித்தார்.

"இனிமே நீ எங்கயும் போவத் தேவல. ஊட்லயே கெட. பாக்கணும்னு நெனைக்கறவங்க வந்து பாத்துக்கட்டும்."

அதிலிருந்து நான் எங்கும் போகவில்லை. கல்யாணம், கருமாதி, கன்வென்ஷன் கூட்டம் எல்லாவற்றுக்கும் இன்பராஜ் தனியாகப் போய்விட்டு வருவார். கட்டிப்போட்ட ஆட்டுக்குக் கயிறு எட்டுகிற தூரம்தான் மேய்ச்சல். என் கயிறு சமையல்கட்டு ஃப்ரிட்ஜில் கட்டியிருந்தது. இதை நான் யாரிடமும் பெரிதாகப் புலம்பியதில்லை. ஆனால் உள்ளே கசந்துபோய்க் கிடந்தேன்.

ரிட்டயர் ஆன புதிதில் ஒருநாள் அவர் கேட்டார், உனக்கு ஏதாவது ஆசை இருந்தால் சொல் என்று. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னேன்.

"கடலோரமாவே போயினே இருக்கணும். இந்தப் பக்கம் கன்னியாகுமரி வரைக்கும் எறங்கி, அந்தப் பக்கம் ஏறி. ராத்திரி எந்தச் சொந்தக்காரன் ஊட்லயும் படுக்கக் கூடாது. எவனும் வந்து சுகர் எவ்ளோன்னு கேக்கக் கூடாது."

கொஞ்ச நாள் கழித்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கம்பெனி கழித்துப்போட்ட வேன். ஷூவின் மேல்பாகத் தோலைத் தைக்கக் கொடுப்பதற்காகப் பேரணாம்பட்டுப் பக்கம் ஏற்றிக்கொண்டு போய் வந்தது. கதவைத் திறந்தால் பசை நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. இன்பராஜ் அதற்குள் ஒரு கட்டில் போட்டார், அடுப்பு வைத்தார், கை கழுவத் தொட்டி வைத்தார், பேட்டரியில் ஓடும் சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்றையும் வாங்கி வைத்தார். அவர் அதைக் கேம்பர்வேன் என்றார். தெருக்காரர்கள் அதைக் கக்கூஸ் இல்லாத வீடு என்றார்கள்.

வண்டி ஓடும்போது பேட்டரி ஏறும். நின்றால் ஏறாது. நான் எங்கே நின்று எத்தனை நாள் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால் கூரையில் சோலார் வேண்டும் என்று வாலாஜாபேட்டையிலிருந்து சௌம்யாவை வரவழைத்தார். சௌம்யா அங்கே சொந்தமாகச் சோலார் கடை வைத்திருக்கிற பெண். ஏணியில் ஏறிக் கூரையை நாலு இடத்தில் தட்டிப் பார்த்தாள்.

"சார், கண்ணாடி பேனல் ஒண்ணொண்ணும் நல்ல வெயிட்டு. அத நிக்க வெக்க ஃப்ரேம் வேற அடிக்கணும். இந்தத் தகரம் தாங்காது. ஓட்ட போட்டா மழ உள்ள வரும். ஃபிளெக்சிபிள் பேனல்னு ஒண்ணு இருக்கு. ஒல்லியா இருக்கும். ஒரு கைல தூக்கலாம். கூரை வளைவுக்கு அப்டியே பாய் மாரி வளையும்."

வேலி ஓரமாக நின்றிருந்த தௌசீப் அகமது தொண்டையைக் கனைத்தார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கம்பெனிகளுக்கு ஷூ லேஸும் சோலும் சப்ளை செய்கிறவர்.

"இன்னாம்மா சொல்ற? எந்த பாயும் அவ்ளோ சுலுவா வளைய மாட்டான்."

சௌம்யா கூரையிலிருந்தே சிரித்தாள். தௌசீப் பாய்க்கு அந்த வேன் மேல் வந்த நாளிலிருந்தே ஒரு கண். ஹைவே ஓரம் நிறுத்தி, பின்கதவைத் திறந்து, ஒரு பிரியாணி தேக்சாவை வைத்தால் சனம் மொய்க்கும் என்று இன்பராஜிடம் தினம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். ஆம்பூரில் இன்னொரு பிரியாணிக் கடை இல்லாமல்தான் சனம் பட்டினி கிடக்கிறது.

பேனல் வந்தது. மெல்லிசாக, கறுப்பாக, நாலு. வேலையைச் சௌம்யா விளக்கினாள். கூரை பெயிண்டை லேசாக எமரித்தாளால் சொரசொரப்பாக்க வேண்டும், சுத்தமாகத் துடைக்க வேண்டும், அவள் கொண்டு வந்த பசையைப் போட்டு ஒட்ட வேண்டும், மேலே ஏறி மிதித்தால் உள்ளே இருக்கிற செல் உடைந்துவிடும். இன்பராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"எமரி போடறது, தொடைக்கறது, ஒட்டறது. இது சோல் ஒட்டற வேல தானம்மா. நீ வயர பாரு, இத நான் பாத்துக்கறேன்."

நன்றாகத்தான் செய்தார். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போய், ஒரு காற்றுக் குமிழ் இல்லாமல் நாலையும் உட்கார வைத்தார். சௌம்யா பின்பக்கச் சந்து வழியாக வயரை இறக்கி, உள்ளே ஒரு சின்ன மீட்டரில் கொடுத்தாள். மீட்டரில் முந்நூறு வாட்டுக்கு மேல் காட்டியது. இது போதும், ஃப்ரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாம் ஓடும் என்றாள். மேலே இலை விழுந்தால் எடுத்துவிடுங்கள், வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

சாயங்காலம் நான் ஏணியில் ஏறிப் பார்த்தேன். கூரை முழுக்கக் கறுப்பு. கொஞ்சம் பொரிப்பொரியாக, வெளிச்சம் பட்டாலும் மின்னாமல் கிடந்தது. எனக்காக இந்த மனுஷன் ஒரு கூரையையே மின்சாரம் ஆக்கியிருக்கிறாரே என்று ஏணியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் வந்தால் எனக்கு வாயில் முதலில் வருவது குறைதான். அப்படியே பழகிவிட்டேன்.

"இன்னாங்க, இவ்ளோ டல்லா இருக்கு?" என்றேன்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். நானும் இறங்கிப் போய் ராத்திரிச் சாப்பாட்டைக் கவனித்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஒத்திகை. ஆலங்காயம் பக்கம் தௌசீப் பாய்க்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அங்கே வெட்டவெளியாக ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு ராத்திரி தங்கிப் பார்ப்பது, மருந்து குளிராகவே இருந்தால் அடுத்த வாரம் கடலுக்குக் கிளம்புவது என்று பேச்சு. புது மருந்து ஒரு குப்பியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றதை வீட்டு ஃப்ரிட்ஜில் விட்டுவிட்டு வந்தேன். எனக்கு நம்பிக்கை அவ்வளவுதான் இருந்தது.

தோப்பில் போய் நின்றபோது மீட்டர் முப்பது காட்டியது.

"மேகம்," என்றார் இன்பராஜ்.

மேகம் போய் வெயில் கொளுத்தியது. மீட்டர் முப்பத்திரண்டு காட்டியது. அவர் மீட்டரைச் சட்டை நுனியால் துடைத்தார். அப்புறம் வயரைப் பிடித்து ஆட்டினார். அப்புறம் வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார், கொஞ்சம் பின்னால் நகர்த்தினார். இரண்டு நாளாகவே பேட்டரி சரியாக ஏறவில்லை, புதுசு இல்லையா, பழகவில்லை என்றார். பேட்டரி என்ன மருமகளா, புது இடத்தில் பழகுவதற்கு என்று கேட்டேன். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமிவிட்டு நின்றுபோனது. ஃபேனும் நின்றது. வேனுக்குள் இட்லிப் பானை போலப் புழுங்கியது.

விடிந்ததும் குப்பியை எடுத்தேன். குளிர் துளியும் இல்லாமல் வெதுவெதுவென்று இருந்தது. எனக்கு அந்தப் பந்தி ஞாபகம் வந்தது. கேசரி மூக்கில் ஏறியது, யாரோ என் முடியைப் பிடித்துத் தூக்கியது, சுற்றி நின்ற செருப்புக் கால்கள். பயந்துபோனேன். வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால் கத்தினேன்.

"வண்டிய ஊட்டுக்கு வுடுங்க. எனக்குக் கடலும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

அவர் உடனே சாமான்களைக் கட்டி, வாணியம்பாடி வழியாக ஆம்பூருக்கு வண்டியை விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜோசுவா அண்ணன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். யார் சொன்னார்களோ தெரியவில்லை. எங்கள் சபையில் பிரசங்கத்தைவிட வேகமாகப் பரவுவது இந்த மாதிரிச் சேதிதான்.

"நான் அப்பவே சொன்னேன். அந்த வண்டிய வித்துட்டு ஊட்டுக்குப் பெரிய ஃப்ரிட்ஜா ஒண்ணு வாங்கிப் போடுங்க மாப்ள."

எப்போதும் அண்ணனை மடக்குகிற நான் அன்றைக்கு மடக்கவில்லை.

"வித்துடுங்க," என்றேன்.

இன்பராஜ் என் முகத்தைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. எழுந்து வெளியே போய் வேன் படியில் உட்கார்ந்துகொண்டார். சௌம்யாவுக்குப் போன் போட்டார். அவள் கூரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"பேனல் சூப்பரா இருக்கு சார். கண்ணாடி மாரி பளபளன்னு இருக்கு. அதுல ஒண்ணும் இருக்காது. பேட்டரியதான் பாக்கணும். இங்க ஒரு மோட்டார் வேல மாட்டினு இருக்கேன். வியாழக்கெழம வர்றேன்."

வியாழக்கிழமைவரை அவர் காத்திருக்கவில்லை. வயர் ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டினார். மாட்டியதைக் கழற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலையில் தௌசீப் பாயிடம் போய், வண்டியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். பாய் சாயங்காலமே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாராம்.

அன்றைக்கு மொட்டைமாடிக் கொடியை மேல்வீட்டுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். ஒத்திகைக்குக் கொண்டுபோன வெள்ளைப் பெட்ஷீட்டைத் துவைத்து வைத்திருந்தேன். போகிற வேன்தானே, கடைசியாக இந்த உபகாரமாவது செய்துவிட்டுப் போகட்டும் என்று கூரைமேல் விரித்தேன். வெயிலில் காய்வதற்கு அதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது. மின்சாரம்தான் வராது.

மத்தியானம் எடுக்கப் போனேன். பெட்ஷீட்டின் அடிப்பக்கம் கறுப்பாக இருந்தது. புகைக் கறுப்பு இல்லை, தூசிக் கறுப்பு இல்லை. திட்டுத் திட்டாக, பிசுபிசுப்பாக. மூக்கருகில் கொண்டுபோனேன். அந்த வாசனையை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கம்பெனியில் அந்த வாசனைக்கு நடுவில்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்போம். முந்தானையில் எச்சில் தொட்டு ஒரு பேனலின் மூலையில் அழுத்தித் தேய்த்தேன். கறுப்பு கையோடு வந்தது. அடியில் அன்றைக்குப் பார்த்த அதே பொரிப்பொரியான, மின்னாத கறுப்பு எட்டிப் பார்த்தது.

"யோவ்," என்று ஏணிமேலிருந்து கூப்பிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை அப்படிக் கூப்பிட்டது மொத்தம் இரண்டு மூன்று தடவைதான் இருக்கும். ஓடி வந்தார்.

"பேனல் மேல இன்னா பூசினீங்க?"

குளித்தீர்களா என்று கேட்டதுபோல என்னைப் பார்த்தார்.

"கிரீம்தான். கறுப்பு. ரெண்டு கோட்டு. காஞ்சதும் மேல வாக்ஸ் போட்டு பிரஷ் அடிச்சேன்."

"எப்ப?"

"சௌம்யா வந்துட்டுப் போன மறுநாள். நீ மார்க்கெட்டு போயிருந்த."

"எதுக்குய்யா?"

"நீதான டல்லுன்னு சொன்ன."

நான் ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். க்யூ.சி. டேபிளில் நாங்கள் குறை சொல்வதற்குப் பல வார்த்தைகள் உண்டு. பசை வெளியே தெரிகிறது என்போம், தையல் கோணல் என்போம், சுருக்கம் என்போம். எல்லாவற்றுக்கும் அந்தந்த டிபார்ட்மெண்டிலிருந்து ஆள் வந்து சண்டை போடுவான். நான் தைத்தபோது நேராக இருந்தது, உன் கண் கோணல் என்பான். டல் என்று நான் சொன்னால் மட்டும் சண்டை வராது. அந்த ஷூ நேராக இன்பராஜின் மேஜைக்குப் போகும். அவர் ஒரு பேச்சுப் பேசாமல் கிரீம் டப்பாவைத் திறப்பார். அந்தக் காலம் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்கு அவர் என்னிடம் எதிர்ப்பேச்சுப் பேசியதே கிடையாது. இப்போதும் பேசவில்லை. நான் ரிஜெக்ட் செய்தேன், அவர் சரிசெய்துவிட்டார்.

"அது ஷூ இல்லங்க. வெயில் உள்ள எறங்கணும். நீங்க மூஞ்சில துணி போட்டு மூடின மாரி மூடி வெச்சிருக்கீங்க."

"கறுப்பு வெயில இழுக்கும்ல? கறுப்பு மேல கறுப்பு போட்டா இன்னும் ஜாஸ்தி இழுக்கும்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். பெட்ஷீட்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "இத்தன நாளா பேட்டரிய திட்டினு இருந்தேனே," என்று மெதுவாகச் சொன்னார்.

திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. ஒன்றுகூட வெளியே வரவில்லை. நாள் முழுக்க நான் போகிறபோக்கில் எத்தனையோ குறை சொல்கிறேன். சொல்கிற எனக்கே அதில் பாதி ஞாபகம் இருப்பதில்லை. இந்த ஆள் ஒன்றைக்கூடக் கீழே விழ விடாமல் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். அதை நினைத்ததும் அவர் மேல் அவ்வளவு பிரியம் வந்தது. ஏணியில் உட்கார்ந்தபடியே சிரிக்கத் தொடங்கினேன். மூச்சு முட்டும்வரை சிரித்தேன். மேல்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து, சுகர் இறங்கிவிட்டதா என்று கேட்டாள்.

சௌம்யாவுக்கு நானே போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஆன்ட்டி, கிரீம்னா? மூஞ்சிக்குப் போடறதா?"

"ஷூவுக்கும்மா. அங்கிள் ஃபினிஷிங்."

அவள் போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரிப்பது கேட்டது. அப்புறம் தொழிலுக்கு வந்தாள். தின்னர் போடக் கூடாது, சுரண்டக் கூடாது, பாத்திரம் கழுவுகிற சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, மெத்தென்ற துணியால் பொறுமையாகத் துடைக்க வேண்டும், கூரைமேல் ஏறாமல் ஏணியிலிருந்தே செய்ய வேண்டும் என்றாள்.

நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஏணி போட்டுத் துடைக்க ஆரம்பித்தபோது தௌசீப் பாய் வந்து சேர்ந்தார். கையில் இஞ்சி டேப். தேக்சா எந்த இடத்தில் உட்காரும் என்று பின்கதவை அளக்கத் தொடங்கிவிட்டார்.

"வண்டி குடுக்கறதில்ல பாய்," என்றேன்.

"அக்கா, பெயிண்டர்கிட்ட போர்டுக்கே சொல்லிட்டேன்."

"எழுதச் சொல்லுங்க. உங்க ஸ்கூட்டர்ல மாட்டிக்கலாம்."

விஷயத்தைக் கேட்டதும் அவருக்குப் பிரியாணி மறந்துபோனது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேன் படியில் உட்கார்ந்து சிரித்தார். சும்மா சிரிக்காதீர்கள், உள்ளே போய் மீட்டரைப் பாருங்கள் என்று அனுப்பினேன். பாயின் வாப்பா தோல் மண்டியில் ஏலம் விட்டவர். அந்தக் குரல் இவருக்கும் இருந்தது.

"நாப்பது," என்று உள்ளேயிருந்து கத்தினார். "நாப்பத்தஞ்சி. அங்கியே நிக்குது. தேய்ங்க, தேய்ங்க. அறுவது."

கிரீம் லேசில் வரவில்லை. அந்த மனுஷன் வேலை அப்படி. கப்பலில் ஒரு மாதம் கிடந்தாலும் மங்காத பளபளப்புக்குப் பழகிய கை. ஒரு பேனலுக்கு ஒரு பக்கெட் தண்ணீர் போயிற்று. இன்பராஜ் துணியைப் பிழியும்போதெல்லாம் கறுப்பு அவர் முழங்கைவழியாக வேட்டியில் இறங்கியது. தான் போட்ட பளபளப்பைத் தானே அழிப்பது அவருக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு மூலையாக மங்கி வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நூத்தி நாப்பது. எரநூறு தாண்டிச்சி. மேடம், எரநூத்தி அறுவது, கேக்கறவங்க கேக்கலாம்."

சூரியன் மேற்கே இறங்கத் தொடங்கிவிட்டது. அப்படியும் மீட்டர் முந்நூறைத் தொட்டது. பாய் ஏலத்தை முடித்துவிட்டு வெளியே வந்து, இன்பராஜின் முதுகில் ஒரு அடி வைத்தார். பதிலுக்கு இன்பராஜ் வைத்த அடியில் பாய் முதுகில் ஐந்து விரல் கறுப்பு பதிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி ஆலங்காயம் தோப்புக்குப் போனோம். இன்னொரு ஒத்திகை, ஒரே ஒரு ராத்திரி என்று இன்பராஜ்தான் சொன்னார். போன தடவை பட்டதில் அவருக்குப் பயம் வந்திருந்தது. என்னை மறுபடி ஏமாற்றிவிடுவோமோ என்ற பயம். சாமான்களை அவர் ஏற்றினார். ஃப்ரிட்ஜில் வைப்பதை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அண்ணனிடம் நாங்கள் சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட வருவதாக இருந்தது.

ராத்திரி முழுக்க ஃபேன் ஓடியது. ஃப்ரிட்ஜ் அவ்வப்போது உறுமிவிட்டு அடங்கியது. அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டே நான் நன்றாகத் தூங்கினேன். இன்பராஜ் தூங்கவில்லை என்று காலையில் அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

விடிந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். அவர் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"பரவால்ல. பேட்டரி முக்காவாசி நிக்குது. டீ குடிச்சிட்டுக் கெளம்பினா மத்தியானத்துக்குள்ள ஊட்டுக்குப் போய்டலாம். அண்ணன் வேற வர்றாரு."

"பாலு எடுங்க," என்றேன்.

ஃப்ரிட்ஜைத் திறந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். உள்ளே பால் பாக்கெட் ஒரு ஓரமாக ஒடுங்கிக் கிடந்தது. மிச்ச இடம் முழுக்க என் மருந்து. டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கி வைத்திருந்த இன்சுலின் அத்தனையும், பெட்டி பெட்டியாக. ஒரு பெட்டியை எடுத்தார். அதன் குளிர்ச்சியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி இருந்த இடத்திலேயே வைத்தார்.

"ஊட்டு ஃப்ரிட்ஜில எவ்ளோ வெச்சிருக்க, பிரிசி?"

"ஒண்ணும் வெக்கல."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்ல."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது.

"கதவ மூடுங்க, குளிர் போவுது. எந்தக் கடலுக்கு மொதல்ல போறதுன்னு டீ குடிச்சிட்டு சொல்றேன்."